அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்ற பளு

சிங்கப்பூரில் உடற்பயிற்சிக்கான பளுவை வீட்டிலேயே செய்துகொள்வதற்குச் சிக்கனமே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சைட் ஆல்வி சாலையில் உள்ள முஸ்தபா கடையின் விளையாட்டுப் பொருள் பகுதியை ஒரு முறை சுற்றி வந்தால் அந்தக் காரணம் நிற்காது என்பது விளங்கிவிடும். பிளாஸ்டிக் உறையிட்ட சிறிய டம்பெல், அதாவது ஒரு கையால் பிடித்துத் தூக்கும் இருதலைப் பளு, அங்கே பெரிய விலையில்லாமல் கிடைக்கிறது. சிமெண்ட், மணல், குழாய், டேப் என்று தனித்தனியாக வாங்கிச் செய்து முடிப்பவரின் செலவு பல சமயம் அதைத் தாண்டிவிடும். உண்மையான சிக்கல் முதல் இணையில் இல்லை. அடுத்தடுத்த இணைகளில்தான் இருக்கிறது. மூன்று கிலோவில் தொடங்கும் ஒருவருக்குச் சில வாரங்களில் ஐந்து கிலோவும், பின்னர் எட்டும் பத்தும் தேவைப்படும்; ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக வேண்டும்; அவ்வளவையும் வைக்க இடமும் வேண்டும். மூவறை வீவக வீடு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு, ஏறத்தாழ 60 முதல் 65 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், இரும்புக்கென்று ஓர் அலமாரியை ஒதுக்கும் குடும்பங்கள் குறைவு. ஆகவே இங்கே வீட்டில் செய்த பளுவை மதிப்பிடுவதற்கு இரண்டு கேள்விகளே போதும்: ஒரே பொருளாக இருந்துகொண்டு அது எத்தனை எடைகளாக மாறும், கீழ்வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்காமல் இருக்குமா? இவற்றை வைத்துப் பார்க்கும்போது, பலரும் முதலில் நினைக்கும் சிமெண்ட் டம்பெல் பின்தங்கி, யாரும் பெரிதாக மதிக்காத மூட்டை முன்னுக்கு வருகிறது.

இந்தக் கேள்விகளைப் பெரும்பாலான வீடுகள் முதன்முதலாக எதிர்கொண்டது 2020இல். அவ்வாண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட்-19 நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை, அதாவது வீட்டைவிட்டு வெளியே செல்வதற்கான கட்டுப்பாடு, நடப்பில் இருந்தது. உடற்பயிற்சிக் கூடங்கள் ஜூன் 19 அன்று தொடங்கிய இரண்டாம் கட்டத் தளர்வில்தான் மீண்டும் திறந்தன. அந்த இடைவெளியில் உலகெங்கும் டம்பெல்லுக்குத் தட்டுப்பாடு ஏற்பட, அரிசிப் பையும் தண்ணீர்ப் புட்டியும் புத்தகம் திணித்த முதுகுப்பையும் அந்த இடத்துக்கு வந்தன. விடுதிகளில் தங்கியிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்களின் நடமாட்டக் கட்டுப்பாடு இன்னும் நெடுங்காலம் நீடித்தது. அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கைவேலைப் பளு புதிய செய்தியன்று; இரும்புக் குழாயின் இரு முனைகளிலும் டின்னை வைத்துச் சிமெண்ட் கலவை ஊற்றி இறுகவிட்ட பார்பெல், அதாவது இரு கையாலும் தூக்கும் நீண்ட தண்டுப் பளு, ஊர்ப்புறத்து உடற்பயிற்சிக் கூடங்கள் பலவற்றின் முதல் கருவியாக இருந்திருக்கிறது.

பளுவின் பயன் எதில் இருக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தசை ஒரு சுமைக்குப் பழகியதும் அந்தச் சுமை அதற்குப் பயிற்சியாக இருப்பது நின்றுவிடுகிறது. ஆகையால் எடையையோ தூக்கும் எண்ணிக்கையையோ சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது பயிற்சி நூல்களில் படிப்படியான பளுவேற்றம் எனப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களின் முழங்கால்களைத் தேற்றிய அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டெலார்ம், காலணியோடு பொருத்தப்பட்ட இரும்பில் எடையைக் கூட்டிக்கூட்டித் தூக்கவைத்து, இம்முறையை 1945இல் மருத்துவ இதழொன்றில் எழுதினார். பலவீனமான தசைக்கு மென்மையான அசைவே போதும் என்ற அக்கால வழக்கத்தை அது மாற்றிவிட்டது. வீட்டில் செய்யும் பளுவுக்கு இதில் உள்ள பாடம், எடையை ஒரு கிலோ அல்லது அரைக் கிலோ அளவில் கூட்ட முடிய வேண்டும் என்பதே. இன்னொரு பாடம் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து கிடைக்கிறது. ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 30 விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, இனி முடியாது என்னும் நிலைவரை தூக்கினாலும், 80 விழுக்காட்டு எடையால் வளர்வதற்கு ஏறத்தாழ நிகராகத் தசை பருக்கிறது என்றும், ஆனால் உச்ச வலிமை கூடுவதற்குக் கனமான எடையே மேல் என்றும் அது காட்டியது. வீட்டுப் பளு இயல்பாகவே இலேசானதாக இருக்கும் என்பதால், இந்த முடிவு அதற்குச் சாதகமானது.

எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வியை அடர்த்தி, அதாவது ஒரு லிட்டர் இடத்தில் அடங்கும் எடை, தீர்மானிக்கிறது. ஒன்றரை லிட்டர்ப் புட்டி ஒன்றில் தண்ணீர் ஒன்றரைக் கிலோ, அரிசி ஏறத்தாழ 1.2 கிலோ, உலர்ந்த மணல் 2.4 கிலோ, மணலின் இடுக்குகள் நிறையத் தண்ணீரும் ஊற்றினால் சுமார் 3 கிலோ நிற்கும். அதே இடத்தை இறுகிய கான்கிரீட் அடைத்தால் 3.6 கிலோ ஆகும். இரும்பின் அடர்த்தி இவற்றையெல்லாம் தாண்டி ஏறத்தாழ எட்டு மடங்குத் தண்ணீருக்குச் சமமாக இருப்பதால்தான் கடை டம்பெல் அவ்வளவு சிறியதாக இருக்கிறது. கலக்கி வார்க்காமல் அப்படியே நிரப்பக்கூடியவற்றுள் மணலே சிறந்தது; ஆனால் சிங்கப்பூரில் மணல் தெருவோரத்தில் குவிந்து கிடக்கும் பொருளன்று. நிலமீட்புக்கும் கட்டுமானத்துக்கும் பெருமளவில் மணலை இறக்குமதி செய்யும் இந்நாட்டுக்கு இந்தோனேசியா 2007இல் ஏற்றுமதியைத் தடை செய்தது, அப்போது கட்டுமானத் துறையே தடுமாறியது. பூங்காவிலோ கடற்கரையிலோ பையை நிரப்பிக்கொண்டு வருவதும் சரியன்று. பூச்செடிக் கடைகளிலும் மீன் தொட்டிக் கடைகளிலும் கழுவி உலர்த்திய மணல் சிறு பொட்டலங்களில் விற்கிறது, ஹார்டுவேர் கடைகளில் அதைவிட மலிவாகவும் கிடைக்கும். கடல் மணலை எடுத்தால் அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பையின் ஜிப்பையும் துணியையும் அரிக்கும் என்பது வேறு.

தண்ணீரைப் பளுவாக்குவோருக்கு இங்கே கொசு ஓர் எதிரி. நடமாட்டக் கட்டுப்பாடு நடப்பில் இருந்த அதே 2020இல்தான் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டது. மூடியில்லாத வாளி, கைப்பிடிக்காகத் துளையிட்ட புட்டி, சிமெண்ட் டம்பெல்லின் குழாய்க்குள் தேங்கும் மழைத்துளி ஆகிய ஒவ்வொன்றும் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடப் போதுமானது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து, புழு இருந்தால் அபராதம் விதிப்பார். அது உடற்பயிற்சிக் கருவி என்ற விளக்கம் அங்கே செல்லாது. ஆகையால் தண்ணீர் என்றால் மூடி இறுகிய, விளிம்புவரை நிரம்பிய புட்டியாக இருக்க வேண்டும். பாதி நிரம்பியதில் நீர் அங்குமிங்கும் ஆடி மணிக்கட்டை எதிர்பாராமல் இழுக்கும் என்பதாலும் நிரப்பிவிடுவதே நல்லது.

எடை கிடைத்துவிட்ட பின் பிடி பற்றிய சிக்கல் வருகிறது; கைவேலைப் பளுக்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. பெரிய புட்டியின் இடுப்பைச் சுற்றி விரல்கள் மூடாது. தோள் களைப்பதற்கு முன் முன்கை களைத்துவிடும், தோளுக்கான பயிற்சி பிடிக்கான பயிற்சியாக முடியும். கழுத்தைப் பிடித்துத் தூக்கினாலோ எடையின் மையம் கையிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்பதால் மணிக்கட்டு திருகப்படும். இந்தத் திருகலையே பயனாக்கிக்கொண்ட கருவியும் உண்டு. கரலாக்கட்டை என்னும் மரக்கட்டையில் பருத்த பகுதி கைக்கு வெகுதொலைவில் வேண்டுமென்றே வைக்கப்படுகிறது, அதைச் சுழற்றும்போது தோள்மூட்டு எல்லாத் திசையிலும் உழைக்கிறது. இந்தியாவில் அதைக் கண்ட பிரிட்டிஷ் ராணுவத்தினர் 19ஆம் நூற்றாண்டில் தங்கள் பயிற்சியில் சேர்த்துக்கொள்ள, அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவி, 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும் 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே இருந்தது. ஆனால் அது கைவிட்டுப் பறந்தால் தொலைக்காட்சியோ சன்னல் கண்ணாடியோ மிஞ்சாது. மேல்மாடி வீட்டின் சன்னலோரத்தில் நின்று அதைச் சுழற்றுவது எவ்வகையிலும் ஒப்புக்கொள்ளத்தக்கதன்று.

பிடியின் பருமனுக்கு ஒரு நல்ல அளவை ஒலிம்பிக் பளுதூக்குதலே தருகிறது: ஆண்களுக்கான தண்டின் விட்டம் 28 மில்லிமீட்டர், பெண்களுக்கானது 25 மில்லிமீட்டர். ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்டுவேர் கடையில் ஓர் அங்குல இரும்புக் குழாய் கேட்டு வாங்குபவர், அது கையில் தடித்துத் தெரிவதைக் கண்டு வியப்பார். குழாயின் அளவு உள்விட்டத்தை ஒட்டிச் சொல்லப்படுவதால் ஓர் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 33.7 மில்லிமீட்டராக இருக்கும். முக்கால் அங்குலம் என்று கேட்டால் வெளிவிட்டம் 26.9 மில்லிமீட்டர் வரும், அதுவே கைக்குப் பொருந்தும். பிவிசி குழாய் இலேசானதாகவும் அறுப்பதற்கு எளிதானதாகவும் இருந்தாலும், எடை ஏறியதும் வளையும், வளைந்து பழகிய இடத்தில் ஒரு நாள் முறியும். தலைக்கு மேல் தூக்கும் எதற்கும் அது உதவாது.

இனி சிமெண்ட் டம்பெல்லின் செய்முறை. மூன்று லிட்டர் கொள்ளும் மாவு டின்கள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி நிறுத்து, வந்த எடையை 2.4ஆல் பெருக்கினால் இறுகிய பின் அந்தத் தலை எவ்வளவு இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். மூன்று லிட்டருக்கு அது ஏழு கிலோவைத் தாண்டும், இரண்டு தலையும் குழாயும் சேர்ந்தால் பதினைந்துக்கு மேல் போய்விடும். பலர் இந்தக் கணக்கைப் போடாமல் ஊற்றிவிட்டு, தூக்க முடியாத ஒன்றை வீட்டின் மூலையில் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள். கலவைக்குச் சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, பொடிஜல்லி மூன்று என்பது போதும். தண்ணீர் சிமெண்டின் எடையில் பாதியளவுக்கு மேல் போகக்கூடாது, ஏனெனில் கூடுதல் நீர் பின்னர் ஆவியாகி விட்டுச்செல்லும் நுண்துளைகளே கான்கிரீட்டைப் பலவீனப்படுத்துகின்றன. வழவழப்பான குழாயைக் கான்கிரீட் பிடித்துக்கொள்ளாது, சில வாரங்களில் தலை தனியே சுற்றத் தொடங்கும். எனவே குழாயின் இரு முனைகளிலும் குறுக்காகத் துளையிட்டு நீளமான போல்ட் ஒன்றைச் செருகிவைத்த பிறகே டின்னுக்குள் நிறுத்த வேண்டும். முதல் தலையை வார்த்து, குழாய் செங்குத்தாக நிற்கும்படி கயிற்றால் இழுத்துக் கட்டி, இரண்டு நாள் விட்டுத் தலைகீழாகத் திருப்பி, மற்றதை வார்க்க வேண்டும். சிமெண்ட் இறுகுவது காய்வதால் நிகழ்வதன்று, நீரோடு வினைபுரிவதால் நிகழ்வது. ஆகவே ஈரத்துணி சுற்றி ஒரு வாரமாவது வைத்திருப்பது அவசியம், முழு வலிமைக்கு வழக்கமான கணக்கு 28 நாள். ஈரச் சிமெண்ட் கடும் காரத்தன்மை உடையது, தோலைப் புண்ணாக்கும். கையுறை வேண்டும், உலர்ந்த தூளைக் கொட்டும்போது முகக்கவசமும் வேண்டும். இவ்வளவையும் வீவக வீட்டின் குளியலறையில் செய்துவிட்டு மிச்சக் கலவையை வடிகாலில் கழுவி விடுபவர், அடுத்து அழைக்க வேண்டியது குழாய் பழுதுபார்ப்பவரை.

இத்தனை பாடுபட்டுச் செய்தது கீழே விழும்போது என்ன ஆகிறது என்பதே அதன் பெரிய குறை. அமுக்கத்தைத் தாங்குவதில் வலிய கான்கிரீட், இழுவிசையைத் தாங்குவதில் அதன் பத்தில் ஒரு பங்கு அளவே வலிமை உடையது. விளிம்பில் விழுந்தால் தெறிக்கும், தெறிக்காவிட்டால் தரையின் ஓடு தெறிக்கும். 20 கிலோப் பளு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், தரைமீது அது தரும் சராசரி விசை இரண்டு டன் எடைக்குச் சமம். அதே 20 கிலோ மணல் மூட்டையாக இருந்து, விழுந்ததும் நெளிந்து பரவி ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால் அது 400 கிலோவாகக் குறையும். குடியிருப்புத் தளங்களை வடிவமைக்கும்போது கொள்ளப்படும் பாரம், சிங்கப்பூர் நெடுங்காலம் பின்பற்றிய பிரிட்டிஷ் விதிப்படி, சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. பயிற்சி செய்யும் ஒருவரும் அவருடைய பளுவும் அசையாமல் நிற்கும்போது தளத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை, ஒலிதான் ஆபத்து. கான்கிரீட் தளத்தில் விழும் அடி காற்றின் வழியாகவன்றித் தளத்தின் வழியாகவே பரவுவதால், கீழ்வீட்டில் மட்டுமல்லாமல் பக்கவாட்டில் இரண்டு வீடு தள்ளியும் கேட்கும். ஒரு சென்டிமீட்டர் பஞ்சுப் பாய் விரிப்பதால் ஓடு தப்பும், உறவு தப்பாது. இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை அமைதி காக்குமாறு வீவக நெடுங்காலம் கேட்டுக்கொண்டு வந்தது. வேலைக்குப் போய்த் திரும்புவோர் பயிற்சிக்கு ஒதுக்கக்கூடிய நேரம் பெரும்பாலும் அந்த எல்லைகளை உரசிக்கொண்டுதான் இருக்கிறது.

வீட்டுக்குள் வேறு சில தடைகளும் உண்டு. கூரையின் உயரம் ஏறத்தாழ 2.6 மீட்டர், அதிலிருந்து தொங்கும் மின்விசிறி இன்னும் கீழே இருக்கிறது, சராசரி உயரமுள்ளவர் கையை உயர்த்தி ஒரு டின்னைப் பிடித்தால் இரண்டுக்கும் இடையில் எஞ்சுவது சொற்பம். தாழ்வாரத்துக்குப் போய்ச் செய்யலாம் என்றால், தீ விபத்தின்போது வெளியேறுவதற்காகக் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழியை விட்டுவைக்க வேண்டும் என்பது விதி. செய்யலாம், ஆனால் கருவிகளை அங்கே வைத்துவிட்டு வர முடியாது. 1990களின் பிற்பகுதி தொடங்கிக் கட்டப்பட்ட வீடுகளில் உள்ள, தடித்த சுவரும் இரும்புக் கதவும் கொண்ட பாம் ஷெல்டர் என்னும் பதுங்கறை பளுவை வைக்க ஏற்றது, ஆனால் அங்கே ஏற்கெனவே பொங்கல் பானையும் பெட்டிகளும் குடியேறியிருக்கும்.

இந்த நெருக்கடிகளுக்கெல்லாம் மூட்டை தரும் விடை எளியது. பழைய முதுகுப்பை, அல்லது தடித்த துணியாலான விளையாட்டுப் பை ஒன்று வெளியுறை ஆகிறது. உள்ளே இரண்டு கிலோ மணல் வீதம் அடைத்த சிறு பொட்டலங்கள் செல்கின்றன. ஒவ்வொரு பொட்டலத்தையும் தடித்த பிளாஸ்டிக் உறையில் மணலை நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து டேப் சுற்றி, அதை அப்படியே இன்னோர் உறையில் தலைகீழாக இட்டு மீண்டும் டேப் சுற்ற வேண்டும். ஒற்றை உறை என்றால் ஒரு நாள் வீடெங்கும் மணல்தான். இரண்டு கிலோவில் பத்தும், ஒரு கிலோவில் இரண்டும், அரைக் கிலோவில் ஒன்றும் செய்துவைத்தால், அரைக் கிலோவிலிருந்து இருபத்திரண்டரைக் கிலோவரை அரையரைக் கிலோவாக ஏற்றிக்கொண்டே போகலாம். எடை மாறாத ஒரு ஜோடி டம்பெல்லால் இது முடியாது. கட்டிலுக்கு அடியில் அடங்கும், விழுந்தால் ஓசை குறைவு, உள்ளிருப்பது நெளிவதால் தூக்கும் ஒவ்வொரு முறையும் உடல் சமநிலைக்காகச் சிறிது கூடுதலாக உழைக்கும். பை முழுவதும் நிறையாமல் கொஞ்சம் தளர்வாக இருப்பதே தூக்கிப் பிடிக்கவும் மார்போடு அணைக்கவும் வசதி. முதுகுப்பையின் தோள்வார் தையலை மட்டும் நைலான் நூலால் இரண்டு வரிசை கூடுதலாகத் தைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அது புத்தகச் சுமைக்காகத் தைக்கப்பட்டது.

மணல் வாங்க அலைய விரும்பாதவருக்குத் தேக்கா வட்டாரத்து மளிகைக் கடையின் ஐந்து கிலோப் பொன்னி அரிசிப் பை இருக்கிறது. எடை அச்சிடப்பட்டே வருகிறது, நிறுக்கவும் வேண்டாம். பயிற்சி முடிந்ததும் உலைக்குப் போகக்கூடிய பளு வேறெதுவும் இல்லை. பையைப் பிரிக்காமல் முதுகுப்பைக்குள் வைத்துப் பயன்படுத்தினால் உணவை அவமதித்ததாகப் பாட்டிமார் முறையிடவும் வழியிருக்காது. ஆனால் இந்நாட்டின் ஈரப்பதத்தில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் வண்டு பிடிக்கும் என்பதால், சுழற்சியில் வைத்திருந்து சமைத்துவிடுவதே முறை.

பிடியில்லாத, உடலோடு அணைத்தே தூக்க வேண்டிய பளுவுக்குத் தமிழ் மண்ணில் இளவட்டக்கல் என்னும் முன்னோடி உண்டு. வழவழப்பான உருண்டைக் கல்லைக் குந்தி அணைத்து, தொடைக்கு ஏற்றி, மார்புக்கு உயர்த்தி, தோள் வழியாகப் பின்னால் விடுவதுதான் அதன் முறை. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இன்றும் அப்போட்டி நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள். கல்லின் இடத்தில் மணல் மூட்டையை வைத்தால் அதே நான்கு அசைவுகளும் வீட்டுக்குள் பொருந்துகின்றன, கால்விரல் நசுங்கும் அபாயம் மட்டும் குறைகிறது.

சிங்கப்பூரும் மூட்டை சுமந்து வளர்ந்த ஊர்தான். ஆற்றில் தொங்கான் என்னும் சரக்குப் படகுகள் ஒதுங்கியதும், ஒடுங்கிய பலகை வழியே அரிசி மூட்டையைத் தோளில் ஏந்திக் கிடங்குக்குக் கொண்டுபோன சுமைதொழிலாளர்களின் முதுகில்தான் போட் கீ படகுத்துறையின் வணிகம் நின்றது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்படகுத் தொழிலில் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள், 1983இல்தான் படகுகள் ஆற்றைவிட்டு அகற்றப்பட்டன. அந்தச் சுமையை உடற்பயிற்சி என்று அழகுபடுத்துவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. ஓய்வும் உணவும் இல்லாத உழைப்பு உடலைத் தேய்க்கவே செய்யும், பயிற்சி என்பது அளவான சுமைக்குப் பின் வரும் ஓய்வில்தான் பலன் தருகிறது. ஆயினும் பாரத்தை உடலோடு ஒட்டிவைத்தல், அடியைச் சிறிதாக வைத்தல் ஆகிய நுணுக்கங்கள் அந்தத் தொழிலுக்கும் பயிற்சிக்கும் பொதுவானவை. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் சுமக்கப்படும் பெரிய காவடிகளிலும் ஒரு நுட்பத்தைக் காணலாம். குடும்பத்தாரும் நண்பர்களும் வாரக்கணக்கில் இருந்து பொருத்தும் அந்தச் சட்டகம், பாரத்தைத் தோளில் மட்டும் விடாமல் இடுப்புப் பட்டைக்கும் பகிர்ந்துவிடுகிறது. வழிபாட்டைப் பயிற்சியோடு ஒப்பிடுவது நோக்கமன்று. மணல் ஏற்றிய முதுகுப்பையோடு மாடிப்படி ஏறுபவர் இடுப்புவாரை இறுக்கிக் கட்ட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பக்கத்தில் கிடைக்காது, அவ்வளவே.

செய்த பளுவை நிறுத்துப் பார்க்காமல் விடுவது பரவலாகக் காணப்படும் சோம்பல். எடை தெரியாவிட்டால் முன்னேற்றமும் தெரியாது. இடக்கைப் புட்டிக்கும் வலக்கைப் புட்டிக்கும் முந்நூறு கிராம் வேறுபாடு இருந்தால் உடல் அதை ஈடுகட்டச் சாய்ந்து பழகும். 1970களில் மெட்ரிக் முறை வருமுன் இங்குள்ள சந்தைகளில் எடை கட்டியில் சொல்லப்பட்டது. ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம், நூறு கட்டி ஒரு பிக்குல். நிறுக்கப் பயன்பட்டது டாச்சிங் என்னும் ஒற்றைத்தட்டுத் தூக்குக்கோல்: பொருள் ஒரு முனையில் தொங்க, சிறிய குண்டு ஒன்று கோலின் வழியே நகர்த்தப்படும், தூரம் கூடக்கூட அதே குண்டு அதிக எடையைச் சமன்செய்யும். நெம்புகோலின் இந்த விதியை நினைவில் வைத்தால், ஐந்து கிலோவை மடக்கிய கையில் வைத்திருப்பதும் நீட்டிய கையில் வைத்திருப்பதும் தோளுக்கு ஏன் வேறுவேறு சுமை என்பது விளங்கும். எடை தீர்ந்துபோன வீட்டில், கையை நீட்டிச் செய்வதே கூடுதல் எடைக்கு மாற்று. இன்றைக்குத் தூக்குக்கோலின் வேலையைச் செய்வது திருச்சி விமானத்துக்குப் பெட்டி கட்டும் வீடுகளில் எல்லாம் இருக்கும் கொக்கித் தராசு. பெட்டியின் எடையை நூறு கிராம்வரை துல்லியமாகப் பார்த்துப் பழகிய குடும்பத்துக்கு மூட்டையை நிறுப்பது கடினமன்று. மனிதர் ஏறி நிற்கும் தராசு மட்டும் இருந்தால், பளுவோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் ஏறிக் கழித்துக்கொள்ளலாம். தனியாக வைத்தால் சிறிய எடையை அது சரியாகக் காட்டாது.

செய்ய வேண்டிய அசைவுகள் நீண்ட பட்டியல் ஆக வேண்டியதில்லை. மூட்டையை மார்போடு அணைத்துக் குந்தியெழுதல், முதுகை நேராக வைத்து இடுப்பை மட்டும் மடித்துத் தரையிலிருந்து எடுத்தல், குனிந்த நிலையில் வயிற்றை நோக்கி இழுத்தல், விசிறியில்லாத இடத்தில் தலைக்கு மேல் உயர்த்துதல், கையில் பிடித்துக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் நடத்தல் ஆகியவை உடலின் பெரிய தசைகள் அனைத்தையும் தொட்டுவிடும். சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டு உடலியக்க வழிகாட்டி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தோடு, தசையை வலுப்படுத்தும் பயிற்சி இரண்டு நாளாவது வேண்டும் என்கிறது. நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளும் பெரியவர்கள் தவறவிடுவது இந்த இரண்டாம் பகுதியைத்தான். வயது ஏறும்போது தசை குறைவது நாற்காலியிலிருந்து எழுவதில் தொடங்கி விழுந்து எலும்பு முறிவதுவரை கொண்டுபோகும். இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பெருமளவில் எடுத்துக்கொள்ளும் உறுப்பு தசை என்பதும், இந்நாட்டில் நீரிழிவு இந்தியர்களிடையே அதிகம் காணப்படுகிறது என்பதும் சேர்த்து எண்ணத்தக்கவை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக்கூடாது. தூக்கும்போது வெளியே விடுவதே பாதுகாப்பு.

வீட்டுப் பளுவுக்கு எல்லையும் உண்டு. சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் பளுதூக்குதலில்தான் வந்தது: 1960 ரோம் போட்டியில் இலேசு எடைப் பிரிவில் மொத்தம் 380 கிலோ தூக்கி டான் ஹோவ் லியாங் வெள்ளி வென்றார், அடுத்த பதக்கத்துக்கு நாடு 2008வரை காத்திருந்தது. கேளிக்கைப் பூங்கா ஒன்றில் நடந்த பளுதூக்கும் போட்டியைப் பார்த்தே அவருக்கு இவ்விளையாட்டில் ஆர்வம் பிறந்தது. ஆனால் அந்த உயரத்துக்கு இட்டுச்செல்வது தண்டும் மேடையும் பயிற்றுநரும் உள்ள இடமே. முப்பது கிலோ மூட்டையோடு இருபது முறை குந்தியெழ முடிந்தவர்களின் கால்களுக்கு வீட்டில் இனித் தருவதற்கு அதிகம் இல்லை. அவர்கள் ஒரு முறைக்கு 2.50 வெள்ளி வாங்கிப் பழகிய ஆக்டிவ்எஸ்ஜி என்னும் பொது உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் போவதே முறை. அப்போது வீட்டில் எஞ்சும் பளுவை என்ன செய்வது என்பதிலும் மூட்டைக்கே வசதி அதிகம். கான்கிரீட் தலைகளைக் குப்பைக் குழாயில் போட்டால் குழாய் அடைபடும் அல்லது கீழே இருப்பவற்றை உடைக்கும், ஆகையால் பெரிய பொருள்களை அகற்றித்தரும் நகர மன்றத்தைக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும். மணலைப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துத் தாழ்வாரத்துக் கறிவேப்பிலைத் தொட்டியின் மண்ணோடு கலந்துவிடலாம், அது கடல் மணலாக இல்லாதவரை.